வாட்ச்மேன் அண்ணே, எல்லாத்தையும் மறந்துடுங்க!

ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பரில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு 13 மார்க் கேள்வி உண்டு. ‘பேஜிங் முறையில் டி.எல்.பி.யின் பங்கைப் படத்துடன் விளக்குக.’ இடதுபக்கம் சி.பி.யு. என்று ஒரு கட்டம், வலதுபக்கம் மெமரி என்று நெட்டையாக இன்னொரு கட்டம், நடுவே குட்டியாக டி.எல்.பி., நாலைந்து அம்புக்குறி. ஹிட் ரேஷியோ கொடுத்திருந்தால் ஃபார்முலாவில் போட்டு நானோ செகண்டில் விடை. அவ்ளோதான், மார்க் விழுந்துடும். வெளியே வந்து டீ குடிக்கும்போது அந்தக் குட்டிக் கட்டத்தை நினைத்துப் பார்க்கிற ஆள் யாராவது உண்டா?

2018 ஜனவரி முதல் வாரத்தில் லினக்ஸ்காரர்கள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், கூகுள் என்று எல்லாருக்கும் அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. 1995-ல் இருந்து இன்டெல் விற்ற சிப்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒரு ஓட்டை. அதை அடைக்க, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் இதயமான கெர்னலில் மெமரியைக் கையாளும் பகுதியைப் பிரித்து மேய வேண்டி வந்தது. சத்தமே இல்லாமல் உங்கள் மெஷினிலும் அந்த வேலை நடந்து முடிந்திருக்கிறது.

கதைக்குப் போகும் முன், அந்தக் குட்டிக் கட்டம் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். பயப்படாதீங்க, படம் வரையச் சொல்ல மாட்டேன்.

ஒரு பெரிய ஹாஸ்டல். கூரியரில் வரும் பார்சல்களில் ‘ரோல் நம்பர் 12’ என்று மட்டும்தான் எழுதியிருக்கும். மெக்கானிக்கலிலும் ஒரு 12 இருக்கிறான், சிவிலிலும் ஒரு 12 இருக்கிறான். அதனால் காலையில் ஒரு மணி நேரம் மெக்கானிக்கல் பார்சல், அடுத்த மணி நேரம் சிவில் என்று டைம் டேபிள். ஒவ்வொரு டிபார்ட்மென்டுக்கும் தனித்தனி ரிஜிஸ்டர். அதைப் புரட்டினால்தான் எந்த ரோல் நம்பர் எந்த ரூம் என்று தெரியும். இதில் டிபார்ட்மென்ட் என்பது ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம். ரோல் நம்பர் என்பது வர்ச்சுவல் அட்ரஸ். ரூம் என்பது நிஜமான ரேம். ரிஜிஸ்டர்தான் பேஜ் டேபிள்.

இந்த ரிஜிஸ்டர் ஒரே நோட்டாக இருந்தால் தேவலை. 64 பிட் இன்டெல் மெஷின்களில் வழக்கமாக அது நாலு அடுக்கு. முதல் நோட்டைப் பார்த்தால் இரண்டாவது எங்கே என்று இருக்கும், அதைப் பார்த்தால் மூன்றாவது... மோசமான நேரத்தில் ஒரே ஒரு பைட்டை எடுக்க நாலு தடவை மெமரிக்குக் கூடுதலாகப் போய்வர வேண்டும். தாங்குமா? அதனால்தான் கேட்டில் ஒரு வாட்ச்மேன் அண்ணன். சமீபத்தில் கேட்ட ரூம் நம்பர்களை மனசுக்குள்ளேயே வைத்திருப்பார். ‘12-ஆ? பி பிளாக் 47, போப்பா!’ நோட்டைத் தொடவே வேண்டாம். அவர்தான் டி.எல்.பி. ஞாபகசக்தி ரொம்பப் பெரிசெல்லாம் இல்லை. 2015-ல் வந்த இன்டெல் ஸ்கைலேக் சிப்பில், டேட்டாவுக்கான முதல் நிலை டி.எல்.பி.யில் 64 பதிவுகள், அதற்குப் பின்னால் உள்ள இரண்டாம் நிலையில் 1536. ஒவ்வொரு பதிவும் வழக்கமாக 4096 பைட் கொண்ட ஒரு பக்கத்துக்கு. இத்துனூண்டு ஞாபகத்தை நம்பித்தான் நம்ம மெஷின் பறக்குது.

சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது என்றால், ரிஜிஸ்டரில் யாரையாவது ரூம் மாற்றினால் வாட்ச்மேனுக்கு அது தானாகத் தெரியாது. அவர் பழைய ஞாபகத்திலேயே பார்சலை அனுப்பிக்கொண்டிருப்பார். போய்ச் சேர்கிற இடத்தில் இப்போது வேறு ஒரு பையன் இருப்பான். கம்ப்யூட்டர் பாஷையில் சொன்னால், ஒரு புரோகிராமின் டேட்டா இன்னொரு புரோகிராமின் கையில். எனவே கெர்னல் ஒவ்வொரு முறையும் போய் ‘அண்ணே, அதை மறந்துடுங்க’ என்று சொல்லியாக வேண்டும். இதற்குத்தான் ஃபிளஷ் என்று பெயர்.

ஒன்றிரண்டு ரூம் மாறினால் அதை மட்டும் மறக்கச் சொல்லலாம். நூறு ரூம் மாறினால்? ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ‘எல்லாத்தையும் மறந்துடுங்க’ என்பது சுலபம். ஆனால் அதன்பிறகு ஒவ்வொரு பார்சலுக்கும் நோட்டைப் புரட்ட வேண்டும். எந்த இடத்தில் கோடு போடுவது? லினக்ஸில் அந்தக் கோடு 33 பக்கம். அதுவரை ஒவ்வொன்றாக, அதற்கு மேல் மொத்தமாக. ஏன் 33 என்பதற்கு விளக்கம் கெர்னல் கோடிலேயே கமென்ட்டாக இருக்கிறது. ஒரு பக்கத்தை மறக்கடிக்க சுமார் 100 நானோ செகண்ட் ஆகும், ஆக மொத்தம் 3000 நானோ செகண்டைத் தாண்டாது, பெரும்பாலான வேலைகள் இதற்குள் அடங்கிவிடும். இன்னும் ரெண்டு சேர்த்து 35 ஆக்கியிருந்தால் நம்ம ஊர் பாஸ் மார்க் ஆகியிருக்கும்!

இன்னொரு தலைவலி, இன்றைய சி.பி.யு.வில் கோர்கள் பல. ஒவ்வொரு கோருக்கும் சொந்த டி.எல்.பி. அதாவது ஹாஸ்டலுக்கு எட்டு கேட், எட்டு வாட்ச்மேன். ஒரு ரூம் மாறினால் எட்டு பேருக்கும் போன் போட்டு, ஒவ்வொருவரும் ‘சரி, மறந்துட்டேன்’ என்று சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். இதற்கு டி.எல்.பி. ஷூட்டவுன் என்று துப்பாக்கி சத்தம் கேட்கிற பெயர். சர்வர்களில் கோர்கள் நூறைத் தாண்டும்போது இந்தப் போன் செலவே தனி பட்ஜெட் கேட்கும்.

மேலே சொன்ன டைம் டேபிளை மறந்துடாதீங்க. மெக்கானிக்கல் முடிந்து சிவில் ஆரம்பிக்கும்போது ‘12’ என்றால் வேறு ஆள். எனவே டிபார்ட்மென்ட் மாறும்போதெல்லாம் வாட்ச்மேன் பழசை மறந்தாக வேண்டும். ஆனால் எந்த டிபார்ட்மென்ட் நேரமானாலும் எல்லாரும் அடிக்கடி போகிற இடம் ஒன்று உண்டு. ஹாஸ்டல் ஆபீஸ்! அதுதான் கெர்னல். ஃபைல் திறக்க, நெட்வொர்க்கில் அனுப்ப, எதற்கெடுத்தாலும் சிஸ்டம் கால் போட்டு அங்கேதான் போக வேண்டும். அதற்கும் தனி ரிஜிஸ்டர் வைத்தால் போகும்போது ஒரு மறதி, வரும்போது ஒரு மறதி. கட்டுப்படியாகாது.

எனவே ஒரு குறுக்குவழி. எல்லா டிபார்ட்மென்ட் ரிஜிஸ்டரிலும் ஆபீஸ் ரூம்களையும் சேர்த்தே எழுதி, பக்கத்தில் சிவப்பு மையில் ‘மாணவர்களுக்கு அனுமதி இல்லை’ என்று குறித்துவிட்டார்கள். அந்தப் பதிவுகளை மட்டும் வாட்ச்மேன் எப்போதும் மறக்க வேண்டாம் என்று குளோபல் என்ற ஒரு பிட்டும் வைத்தார்கள். லினக்ஸ் மட்டுமல்ல, விண்டோஸ், மேக் எல்லாமே இப்படித்தான் இருந்தன. அனுமதி இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது சி.பி.யு.வின் பொறுப்பு. வன்பொருளை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

நம்பியது தப்பாகிப் போனது.

கதாநாயகன் நம்ம செட் வயசுக்காரர். யான் ஹார்ன், ஜெர்மனிக்காரர், கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவில் வேலை. 2017-ல் இன்டெல்லின் ஆயிரக்கணக்கான பக்க மேனுவல்களை உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். (நாம இரண்டு யூனிட்டை சாய்ஸில் விடுகிறோம்!) சிப் ஒன்றை அவர் சந்தேகக் கண்ணோடு பார்த்தார். சி.பி.யு. நேரத்தை வீணாக்கக் கூடாது என்று உத்தரவுகளை முன்கூட்டியே, வரிசை மாற்றிச் செய்து பார்க்கும். அனுமதி இல்லை என்று பின்னால் தெரிந்தால் செய்ததை அழித்துவிடும். ஆனால் முழுசாக அழிகிறதா?

இல்லை. ‘ஆபீஸ் பீரோவில் இருக்கிற எண்ணைப் பார், அந்த எண்ணுள்ள கதவைத் திற’ என்று சொல்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சி.பி.யு. உள்ளே ஓடுகிறது, 65 என்று பார்க்கிறது, வெளியே வந்து 65-ம் கதவைத் திறக்கிறது. அதற்குள் ‘ஏய், உனக்கு அனுமதி இல்லை’ என்று குரல் வர, எண்ணை மறந்துவிடுகிறது. கதவு மட்டும் திறந்தே கிடக்கிறது. நாம் 256 கதவுகளையும் தட்டிப் பார்த்து, எது சட்டென்று திறக்கிறது என்று கடிகாரம் வைத்து அளந்தால் போதும். ரகசியம் 65! கதவு என்பது இங்கே கேஷ் மெமரி. இதையே திரும்பத் திரும்பச் செய்து, நொடிக்கு 503 கிலோ பைட் வரை கெர்னல் மெமரியை உருவ முடிந்தது என்று பின்னால் வந்த ஆய்வுக் கட்டுரை சொன்னது. லினக்ஸ் கெர்னலின் வரைபடத்தில் மொத்த ரேமும் இருக்கும் என்பதால் பாஸ்வேர்டு, மெயில், பக்கத்து புரோகிராமின் டேட்டா எதுவும் மிச்சமில்லை. ஒரே சர்வரைப் பலருக்கு வாடகைக்கு விடுகிற கிளவுட் கம்பெனிகளின் நிலைமையை யோசித்துப் பாருங்க.

2017 ஜூன் 1-ம் தேதி ஸ்பெக்டர் என்று பின்னால் பெயர் பெற்ற முதல் வகை ஓட்டையை சிப் கம்பெனிகளுக்குச் சொன்னது அவர் குழு. அதைத் தொடர்ந்து வந்ததுதான் இந்த ஓட்டை, பெயர் மெல்ட்டவுன். செய்தி வெளியானபோது யான் ஹார்னுக்கு வயசு 22. நான் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் எழுதுவதை நிறுத்திவிட்டு மோட்டுவளையைப் பார்த்தேன் என்பதைப் பதிவு செய்து கொள்கிறேன்.

இவர் மட்டும் அல்ல. ஜெர்மனியின் சைபரஸ் டெக்னாலஜியைச் சேர்ந்த இருவரும், ஆஸ்திரியாவில் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டேனியல் குரூஸ், மோரிட்ஸ் லிப், மைக்கேல் ஷ்வார்ஸ், ஸ்டெஃபான் மாங்கார்ட் ஆகிய நால்வரும் தனித்தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 2017 டிசம்பரில் குரூஸ் வீட்டில் உட்கார்ந்து எழுதிய புரோகிராம், அவருடைய ஃபயர்ஃபாக்ஸில் அவர் பார்த்த இணைய முகவரிகளையே கெர்னல் மெமரியில் இருந்து எடுத்து ஸ்கிரீனில் கொட்டியது. ஆடிப் போய்விட்டார் மனுஷன்.

இதில் செம ட்விஸ்ட் என்ன தெரியுமா? மருந்தைக் கண்டுபிடித்ததும் இதே கிராட்ஸ் கோஷ்டிதான். அதுவும் நோய் என்னவென்று தெரிவதற்கு முன்னாலேயே!

2017 மே மாதமே அவர்கள் லினக்ஸுக்கு ஒரு பேட்ச் எழுதி வெளியிட்டிருந்தார்கள். பெயர் கைசர், ஜெர்மன் மொழியில் பேரரசர் என்று அர்த்தம். அப்போது அவர்கள் கவலை சின்னது. கெர்னல் மெமரியில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற முகவரியை மட்டும் சிலர் மோப்பம் பிடிக்கிறார்கள், அதைத் தடுக்க வேண்டும். யோசனை எளிது. ஒவ்வொரு டிபார்ட்மென்டுக்கும் இரண்டு ரிஜிஸ்டர். மாணவர்கள் பயன்படுத்துகிற ரிஜிஸ்டரில் ஆபீஸ் ரூம்களே இருக்காது, உள்ளே நுழைவதற்கான வாசல் மட்டும் இருக்கும். வாசலைத் தாண்டியதும் முழு ரிஜிஸ்டர் கைக்கு வரும். இல்லாத ரூமை எந்த சி.பி.யு.வாலும் முன்கூட்டியே ஓடிப் போய்ப் பார்க்க முடியாது இல்லையா?

அந்தச் சின்னக் கவலைக்கு இது ரொம்பக் காஸ்ட்லி வைத்தியம். ஆனால் 2017 அக்டோபர் கடைசியில் இன்டெல் இன்ஜினீயர் டேவ் ஹான்சன் அதே பேட்ச்சைச் செப்பனிட்டு எடுத்துக்கொண்டு வந்தார். புது வெர்ஷன் வெளிவரும் கடைசிக் கட்டத்தில் பெரிய மாற்றம் என்றால் லினஸ் டோர்வால்ட்ஸ் சீறுவார் என்பது ஊரறிந்த விஷயம். இதுவோ கிறிஸ்துமஸ் லீவில், 4.15 வெர்ஷனின் இறுதிக் கட்டத்தில், சத்தமில்லாமல் உள்ளே போனது. வேகத்தைக் குறைக்கிற ஒரு பேட்சுக்கு ஏன் இவ்வளவு அவசரம்? வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு மூக்கில் வியர்த்தது. டிசம்பர் 26-ல் ஏ.எம்.டி. இன்ஜினீயர் ஒருவர் ‘எங்கள் சிப்புக்கு இந்த வைத்தியம் தேவையில்லை’ என்று ஏன் தேவையில்லை என்பதற்கான காரணத்தோடு ஒரு பேட்ச் போட, பூனைக்குட்டி பாதி வெளியே வந்துவிட்டது. ஜனவரி 9-ல் அறிவிக்கலாம் என்று இருந்தவர்கள் 3-ம் தேதியே அறிவிக்க வேண்டியதாயிற்று.

கைசரின் பெயரும் மாறியது. கெர்னல் பேஜ் டேபிள் ஐசொலேஷன், சுருக்கமாக கே.பி.டி.ஐ. பெயர் தேடும்போது எரிச்சலில் இருந்த டெவலப்பர்கள் இன்னொரு பெயரையும் யோசித்தார்கள். அதன் முதல் எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் வருவதை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க எடிட்டர் சத்தியமாக விடமாட்டார்.

சரி, செலவுக்கு வருவோம். இரண்டு ரிஜிஸ்டர்களையும் மாற்றுகிற வேலை அழகாகச் செய்யப்பட்டிருக்கிறது. இரண்டின் உச்சிப் பக்கங்களும் மெமரியில் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன, சி.ஆர்.3 என்ற ரிஜிஸ்டரில் ஒரே ஒரு பிட்டை, 12-வது பிட்டை, மாற்றினால் போதும். ஆனால் சி.ஆர்.3-ஐத் தொட்டால் வாட்ச்மேனுக்கு மறதி வந்துவிடும். குளோபல் பிட் என்ற பழைய சலுகையும் போச்சு. ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் இரண்டு முறை மறதி. பெரும்பாலான வேலைகளில் ஏறக்குறைய 5% வேகம் குறையும், சிஸ்டம் கால் மழையாகப் பொழிகிற ஒரு நெட்வொர்க் சோதனையில் 30% வரை போனது என்று டேவ் ஹான்சனே சொன்னார். ஆயிரக்கணக்கில் சர்வர் வைத்திருக்கிறவனுக்கு 5% என்றால் என்ன தொகை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு ஆள் காப்பாற்றினார். ஆண்டி லுட்டோமிர்ஸ்கி. 2010-லேயே இன்டெல் சிப்களில் பி.சி.ஐ.டி. என்று ஒரு வசதி வந்துவிட்டது. வாட்ச்மேன் ஞாபகத்தில் ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் ‘இது மெக்கானிக்கல் 12, அது சிவில் 12’ என்று லேபிள் ஒட்டலாம். லேபிள் இருந்தால் எதற்கு மறக்க வேண்டும்? 12 பிட், அதாவது 4096 லேபிள்கள். ஆனால் 2017 வரை லினக்ஸ் கெர்னல் அதைப் பயன்படுத்தவே இல்லை. காரணம் சோம்பேறித்தனம் இல்லை. மெக்கானிக்கல் நேரம் முடிந்த பிறகும் அதன் பதிவுகள் வாட்ச்மேன் மனசில் தங்கியிருக்கும். இடைப்பட்ட நேரத்தில் அங்கே ரூம் மாறினால்? அப்போது ஓடாத டிபார்ட்மென்டுக்கும் எட்டு கேட்டுக்கும் போன் போட முடியுமா?

லுட்டோமிர்ஸ்கி கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொரு ரிஜிஸ்டருக்கும் ஒரு வெர்ஷன் நம்பர். ரூம் மாறும்போதெல்லாம் அது ஒன்று கூடும். ஒவ்வொரு வாட்ச்மேனும் தான் கடைசியாக எந்த நம்பர் வரை கேட்டுக்கொண்டோம் என்று குறித்து வைத்திருப்பார். அந்த டிபார்ட்மென்டின் நேரம் திரும்ப வரும்போது இரண்டையும் ஒப்பிட வேண்டியதுதான். சமமாக இருந்தால் பழைய ஞாபகம் செல்லும், பின்தங்கியிருந்தால் மட்டும் மறதி. போனே வேண்டாம்! 4096 லேபிள் இருந்தும் ஒரு கோருக்கு 6 புரோகிராம்களின் ஞாபகம் போதும் என்று நிறுத்திக்கொண்டார். 2017 நவம்பர் 12-ல் வந்த 4.14 வெர்ஷனில் இது சேர்ந்தது. ஏழு வாரத்தில் மெல்ட்டவுன். அதற்குப் பிறகு ஒரே புரோகிராமின் இரண்டு ரிஜிஸ்டருக்கும் தனித்தனி லேபிள் ஒட்டிவிட்டார்கள். இரட்டை மறதி காணாமல் போனது. பி.சி.ஐ.டி. உள்ள மெஷின்களில் அடி பெரிதாக விழவில்லை. தங்கள் கிளவுட் சர்வர்களில் 0.1% முதல் 6% வரை பாதிப்பு இருக்கலாம், டியூன் செய்தால் 2 சதவீதத்துக்குள் அடக்கலாம் என்று நெட்ஃப்ளிக்ஸின் பிரெண்டன் கிரெக் 2018 பிப்ரவரியில் எழுதினார்.

மறதி சரியான நேரத்தில் வரவில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கும் அதே வருஷம் ஒரு சாம்பிள் கிடைத்தது. கண்டுபிடித்தது? அதே யான் ஹார்ன்! எம்ரீமேப் என்று ஒரு சிஸ்டம் கால், ஒரு மெமரிப் பகுதியை வேறு முகவரிக்கு நகர்த்தும். அது ரிஜிஸ்டரில் திருத்திவிட்டுப் பூட்டைத் திறந்துவிடும், அதன்பிறகுதான் வாட்ச்மேன்களுக்குப் போன் போடும். நடுவில் இருக்கிற அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் வேறொரு கோர் அந்த ரூமைக் காலி செய்து புது ஆளுக்குக் கொடுத்துவிடலாம். பழைய ஞாபகத்தில் இருக்கிற வாட்ச்மேனோ பழைய ஆளையே உள்ளே விடுவார். 2018 அக்டோபரில் லினஸ் டோர்வால்ட்ஸே உட்கார்ந்து இதைச் சரிசெய்தார். வைத்தியம், பூட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே ஃபிளஷ் செய்வது. கோடைப் பார்த்தால் ‘இவ்ளோதானா?’ என்று இருக்கும். எதை முதலில் செய்வது என்ற வரிசைதான் விஷயமே.

போன் செலவுக்கும் ஒரு விடிவு வந்திருக்கிறது. ஏ.எம்.டி.யின் புதிய சிப்களில் ஒரே உத்தரவில் எல்லா கோர்களையும் மறக்கச் சொல்லலாம், ஒவ்வொரு கேட்டுக்கும் போன் போடுவதற்குப் பதில் ஹாஸ்டல் மைக்கில் அறிவிக்கிற மாதிரி. 2025 மே மாதம் வந்த லினக்ஸ் 6.15 அதைப் பயன்படுத்த ஆரம்பித்தது. ஆர்ம் சிப்களில் இந்த மைக் பல வருஷமாகவே இருக்கிறது என்பதை உங்கள் மொபைல் சார்பில் தெரிவித்துக்கொள்கிறேன்.

உங்கள் காலேஜ் லேபில் லினக்ஸ் மெஷின் இருந்தால் டெர்மினலைத் திறந்து எல், எஸ், சி, பி, யு என்ற ஐந்து சின்ன எழுத்துகளை இடைவெளி இல்லாமல் அடித்துப் பாருங்கள். சி.பி.யு.வின் ஜாதகமே வரும். ஓரளவு புதிய லினக்ஸ் என்றால் கடைசிப் பகுதியில் ஓட்டைகளின் பட்டியலும் இருக்கும். அதில் மெல்ட்டவுன் என்ற வரிக்கு நேரே ‘பாதிப்பில்லை’ என்று ஆங்கிலத்தில் இருந்தால், அது ஏ.எம்.டி. சிப்பாகவோ, ஓட்டையை சிலிக்கானிலேயே அடைத்த பிந்தைய இன்டெல் சிப்பாகவோ இருக்கும். பி.டி.ஐ. என்று இருந்தால் இரண்டு ரிஜிஸ்டர் முறை ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே ஃபிளாக்ஸ் என்ற நீண்ட வரியில் பி.சி.ஐ.டி. இருக்கிறதா என்றும் தேடுங்கள். பி.டி.ஐ. இருந்து பி.சி.ஐ.டி. இல்லாவிட்டால், அந்த மெஷினில் நீங்கள் ஒரு ஃபைலைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் வாட்ச்மேன் அண்ணன் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, முதல் நோட்டில் இருந்து புரட்டிக்கொண்டிருக்கிறார்.